அண்ணியின் பரவாயில்லை

என் அண்ணிக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் 'பரவாயில்லை'. அவர் முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பால் பொங்கி வழிந்தால் பரவாயில்லை. கொடியில் போட்ட துணி மழையில் நனைந்தால் பரவாயில்லை. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனாலும் பரவாயில்லை, சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றாலும் பரவாயில்லை. புதுப் புடவை எப்படி, சாப்பாடு எப்படி, உடம்பு எப்படி என்று என்ன கேட்டாலும் அதே பதில்தான். போனால் போகட்டும் என்பதற்கும் நாம் இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறோம், சுமார்தான், அப்படியொன்றும் நன்றாக இல்லை என்பதற்கும் இதையேதான் வைத்திருக்கிறோம். எது எந்தப் பரவாயில்லை என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணிக்கோ எல்லாவற்றுக்கும் ஒரே குரல்.

அவர் வேலையும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கும் ஒரு நிறுவனத்தில் புகார் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறார். கையில் மிக்ஸியும் கண்ணில் நெருப்புமாக வருகிறவர்களை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, முழுக் கதையையும் கேட்பார். வந்தவர் கடைசியில் தன் மாமியார் பற்றியெல்லாம் சொல்லிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். நான் ஒருமுறை ஓரமாக உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். பொறாமையாக இருந்தது. நான் டவுன் பஸ் ஓட்டுகிறவன், ஹாரன் அடிக்காமல் உலகத்தில் ஒன்றும் நகராது என்பது என் கொள்கை.

என் அண்ணன் சமையல்காரர். ஒரு பெரிய அச்சகத்தின் கேன்டீனை வருஷக்கணக்காகக் கட்டி ஆண்டவர். சாப்பிடுகிறவர்கள் தட்டோடு அடுப்பங்கரை வாசலுக்கே வந்து குறை சொல்வார்கள். அண்ணன் கரண்டியோடு நின்று சண்டை போடுவார், மறுநாள் அந்தக் குறை இருக்காது. "குறை சொல்ல ஆள் இருந்தாத்தாண்டா சமையல்காரன்" என்பார். வீட்டிலும் அவரேதான் சமைப்பார். சாப்பிட்டுவிட்டு அண்ணி 'பரவாயில்லை' என்றால் அவருக்குச் சுருக்கென்று வரும். உப்பா, உறைப்பா, எது என்று சொல்லித் தொலையேன் என்று தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அண்ணி சிரிப்பாரே தவிரச் சொல்ல மாட்டார். அவர்கள் இருவருக்கும் நடந்த ஒரே சண்டை இதுதான் என்று நினைக்கிறேன்.

கேன்டீன் கிடங்கின் படியில் யாரோ எண்ணெயைச் சிந்தியிருந்தார்கள். அண்ணன் மூட்டையோடு வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி, இரண்டு காலும் விளங்காமல் போயின. மருத்துவமனையிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தார். அந்த நாற்காலிக்கு அவரே ஒரு பெயர் வைத்தார். காலையில் எழுந்ததும் "என் காலை இங்க தள்ளு" என்பார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அண்ணி மட்டும் சாதாரணமாகக் 'காலை'த் தள்ளிக்கொண்டு வந்தார்.

பழைய வீட்டில் சமையல் மேடை அண்ணனின் மூக்கு உயரத்துக்கு இருந்தது. அவர் அடுப்பங்கரை வாசலில் உட்கார்ந்து மோப்பத்தாலேயே சமைப்பார். வெங்காயம் கருகுது, இப்போ தண்ணி ஊத்து, போதும் இறக்கு என்று அங்கிருந்தே உத்தரவு போடுவார். அண்ணிக்குச் சமையல் வராது என்பதை இங்கே உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நல்லவர், பொறுமைசாலி, ஆனால் அவர் கையில் வெந்நீர்கூட அடிப்பிடிக்கும். கொஞ்ச நாளில் உத்தரவுகள் குறைந்தன, பிறகு நின்றேபோயின. போட்டதைச் சாப்பிட்டார். ஒருநாள் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "இப்பல்லாம் என்கிட்ட யாருமே குறை சொல்றதில்லடா. நோயாளிகிட்ட எவன் சொல்லுவான்?"

அண்ணி இதைக் கேட்டாரோ இல்லையோ தெரியாது. அந்த வருஷமே தரைத்தளத்தில் வாசல்படி இல்லாத ஒரு வீட்டைத் தேடிப் பிடித்துக் குடிபோனார். அடுப்பங்கரையில் ஒன்றுமே இல்லை, நான்கு சுவரும் ஒரு குழாயும்தான். இதை அண்ணனுக்கு ஏற்ற மாதிரி கட்டப்போகிறேன், அவர் மறுபடி சமைக்க வேண்டும் என்றார். வாழ்க்கையில் அண்ணி இது வேண்டும் என்று கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

தச்சரை வைத்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்தால் கட்டுப்படி ஆகாது. ஆயத்தமாக விற்பதை வாங்கினால் மறுபடி மூக்கு உயர மேடைதான். இரண்டுக்கும் நடுவே ஒன்று இருப்பதாக விசாரித்துக்கொண்டு வந்தார். தொழிற்சாலையில் பெட்டிகளைக் குறிப்பிட்ட அளவுகளில் செய்து வைத்திருப்பார்கள். உயரத்தைக் குறைக்கலாம், கதவு வேண்டாம் என்று சொல்லலாம், அலமாரிக்குப் பதில் இழுப்பறை கேட்கலாம். ரெடிமேட் சட்டை வாங்கிக் கையை மட்டும் பிடித்துத் தைத்துக்கொள்வது மாதிரி.

அளவெடுத்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் படுத்திருந்தபோது, அண்ணி அவருடைய நாற்காலியை அடுப்பங்கரைக்குள் தள்ளிக்கொண்டு போய்த் தானே அதில் உட்கார்ந்துவிட்டார். கையில் சாக்பீஸ். எட்டுகிற உயரத்துக்கு ஒரு கோடு, எட்டாத உயரத்துக்கு ஒரு பெருக்கல் குறி, முழங்கால் இடிக்காமல் நுழைய எவ்வளவு இடம் வேண்டும் என்று சுவரில் ஒரு கட்டம். நான் போய்ப் பார்த்தபோது முகமெல்லாம் சாக்பீஸ் தூளோடு நாற்காலியை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அண்ணன் குரல் வந்தது. "என் காலை எவன்டா எடுத்துட்டுப் போனது?"

கடைக்காரரிடம் அண்ணி கேட்டவை இவைதான். மேடை தாழ்வாக, அடியில் முழங்கால் போக இடம் விட்டு. பக்கத்தில் கதவில்லாத இழுப்பறைகள், ஏனென்றால் கதவைத் திறக்க நாற்காலி பின்னால் போக வேண்டும், எடுக்க முன்னால் வர வேண்டும். மேலே ஒரே ஒரு வரிசை அலமாரி, சாக்பீஸ் கோட்டுக்குக் கீழே. கடைக்காரர் நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் செய்துடலாம் என்றார். 'செய்துடலாம்' என்று சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம் உண்டு.

பெட்டிகள் வந்தன. அட்டையைப் பிரித்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேல் அலமாரிக் கதவுகள் இரண்டில் ஒன்று பால் நிறம், இன்னொன்று பால் திரிந்த நிறம். ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டி ஒரு முனையில் பிறந்த குழந்தை நாக்கை நீட்டுவது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அண்ணி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, நீங்கள் நினைக்கும் அதே சொல்லைச் சொன்னார். பட்டியை ஒட்டிக்கலாம், நிறம் பழகிவிடும், உயரம் சரியாக வந்திருக்கிறதா பாருங்கள் என்றார். உயரம் கோடு போட்ட மாதிரி சரியாக இருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று அண்ணனை உள்ளே தள்ளிக்கொண்டு போனோம். முழங்கால் இடிக்காமல் மேடைக்கு அடியில் போயிற்று. அவர் இரண்டு கையையும் மேடைமேல் விரித்து வைத்தார். அந்த முகத்தை நான் கேன்டீனில் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு பார்த்ததில்லை. பிறகு கத்தி எடுப்பதற்காகப் பக்கத்து இழுப்பறையின் பிடியைப் பிடித்து இழுத்தார்.

இழுப்பறை வரவில்லை. நாற்காலிதான் போயிற்று. சக்கரம் உருண்டு, முட்டி இழுப்பறையின் முகப்பில் 'டொக்' என்று மோதியது. மறுபடி இழுத்தார், மறுபடி நாற்காலிதான் அதனிடம் போயிற்று. சக்கரத்துக்கு பிரேக் போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தார். இந்தத் தடவை நாற்காலி நின்றது, உடம்பு முன்னால் சாய்ந்து நெற்றி மேடையில் இடிக்கப் போயிற்று. கால் ஊன்றி நிற்கிறவனுக்கு இறுக்கமான இழுப்பறை ஒரு சின்ன எரிச்சல், அவ்வளவுதான். ஊன்றக் கால் இல்லாதவரை அது தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. அண்ணன் சத்தமாகச் சிரித்தார். "நான் அதை இழுக்கிறேன், அது என்னை இழுக்குது, எவனுக்குப் பலம்னு பார்ப்போம்" என்றார். அதற்குப் பிறகு அந்த அடுப்பங்கரைக்குள் அவர் வரவில்லை. எனக்கெதற்கு, நீயே சமை என்று சொல்லிவிட்டார்.

பெட்டி செய்த கம்பெனியில் புகார் கொடுத்ததும் ஃபிட்டர் வந்தார். இழுப்பறையை நின்றபடியே இழுத்தார், அது முனகிக்கொண்டு வந்தது. தள்ளினார், முனகிக்கொண்டு போயிற்று. இழுப்பறை ஓடுகிற சேனலில் எண்ணெய் விட்டார், ஒரு திருகைத் திருகினார், புதுசு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார். பிரேக் போட்டுக்கொண்டு இழுக்கச் சொல்லுங்கள் என்று ஒரு யோசனையும் கொடுத்தார். பிறகு ஃபோனைக் கையில் எடுத்து, "இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார்.

அண்ணி இழுத்துப் பார்த்தார். முன்பு பத்துப் பங்கு இறுக்கம் என்றால் இப்போது எட்டுப் பங்கு. சுமார்தான், இன்னும் சரியாகவில்லை என்ற அர்த்தத்தில், "பரவாயில்லை" என்றார்.

ஃபிட்டர் ஃபோனில் எதையோ அழுத்தினார். நன்றி சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. கிணற்றில் போட்ட கல். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அண்ணிக்கு உபதேசம் செய்துவிட்டு, அழுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கம்பெனிக்குப் பேசினேன். பேசினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. "டிராயரை இழுத்தா வர மாட்டேங்குது, நீங்க வந்து இழுத்துப் பாருங்க" என்று நான் கத்திய கத்தலில் டிப்போவே திரும்பிப் பார்த்தது. இழுப்பறைக்கும் அரைக்கால் சட்டைக்கும் ஒரே பெயர் வைத்தவன் யாரோ, அவன் மட்டும் அன்று என் கையில் கிடைத்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுக்க கண்டக்டர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள்.

எதிர்முனையில் இருந்த பெண் கொஞ்சமும் குரல் உயர்த்தவில்லை. புகார் முடிந்துவிட்டது என்றாள். யார் முடித்தது என்று கேட்டேன். உங்கள் வீட்டு அம்மாவே ஃபிட்டரிடம் பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்களே, அப்படித்தான் பதிவாகியிருக்கிறது என்றாள். பதிலுக்குக் கத்தாமல் ஃபோனை வைத்தேன். பஸ் ஓட்டுகிறவன் ஹாரன் அடிக்காமல் ஒதுங்குவது லேசுப்பட்ட விஷயம் இல்லை.

சாயங்காலம் நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் அண்ணன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தத்தைக் குறைத்துவைத்து, படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை அண்ணியிடம் சொன்னேன். இனிமேல் அந்தச் சொல்லை வாயில் எடுத்தால் நான் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றும் சொன்னேன். அண்ணி கோபித்துக்கொள்ளவில்லை.

"நானும் இதைத்தான் செய்யறேன் தம்பி" என்றார். "வர்றவங்க வாயிலேர்ந்து எப்படியாவது அந்த வார்த்தைய வாங்கிடணும். வாங்கிட்டா புகார் முடிஞ்சுது. அந்தப் பையன் கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும். பழக்கதோஷம், வந்துடுச்சு."

மறுநாள் அவர் வேலைக்கு விடுப்பு எடுத்தார். என்னையும் வரச் சொன்னார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. கூடத்தில் உட்கார்ந்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் டிவியை அணைக்கவில்லை, பார்க்கவும் இல்லை.

எடுத்தது அதே பெண். நேற்று நான் போட்ட சத்தத்துக்கு அண்ணி முதலில் மன்னிப்புக் கேட்டார். நானும் உங்களை மாதிரி கவுண்டரில் இருக்கிறவள்தான், முடிந்த புகாரைத் திறப்பது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும் என்றார். அந்தப் பெண் இளகிவிட்டாள். ஆனாலும் சட்டம் சட்டம்தானே. நீங்களே பரவாயில்லை என்று சொல்லிவிட்டீர்களே மேடம், அதற்கு மேல் நான் என்ன போட முடியும் என்று பாவமாகக் கேட்டாள்.

அண்ணி ஃபோனை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, குரல் உயரவில்லை.

"அதை அடிச்சுட்டு வேற போடுங்கம்மா. பரவா இருக்குன்னு போடுங்க."

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அப்படி ஒரு வார்த்தை இல்லையே மேடம் என்றாள்.

"இல்லதான். நானும் பொறந்ததுலேர்ந்து சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரர் சமையல்காரர். உக்காந்துக்கிட்டு ஒரு இழுப்பறைய ஒரு கையால திறக்க முடியலைன்னா அவர் சமைக்க மாட்டார். அவர் சமைக்காம இருக்கிறது எனக்குப் பரவாயில்லை இல்லம்மா. எனக்குப் பரவா இருக்கு. அப்படியே எழுதுங்க, எழுதி உங்க பெரியவர்கிட்ட காட்டுங்க."

எதிர்முனையில் கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. எழுதிட்டேன் மேடம் என்றாள் அந்தப் பெண், குரல் மாறியிருந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தார், கல்யாணத்தன்று பார்த்த மாதிரி. எனக்கு அங்கே என்ன வேலை என்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

அந்த வாரமே சூப்பர்வைசர் நேரில் வந்தார், பின்னால் அதே ஃபிட்டர். சூப்பர்வைசர் பேன்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு இழுப்பறை முன்னால் குனிந்தார். அண்ணி அவரைத் தடுத்து, ஒரு நிமிஷம் இருங்கள் என்று உள்ளே போனார். அண்ணனைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். உட்கார்ந்து திறந்து பாருங்கள், காலைத் தரையில் ஊன்றாதீர்கள் என்றார். அந்த மனிதர் தயங்கி, சுற்றிப் பார்த்து, உட்கார்ந்தார். உள்ளேயிருந்து அண்ணன், "என் காலை வாடகைக்கு விட்டுட்டியா?" என்று குரல் கொடுத்தார்.

சூப்பர்வைசர் இழுத்தார். நாற்காலி போய் முட்டி மோதியது. பிரேக் போட்டு இழுத்தார், முன்னால் சாய்ந்து மேடையைப் பிடித்துக்கொண்டார். எழுந்து இழுப்பறையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். வழக்கமான உயரப் பெட்டிகளுக்குச் சேனல் மாட்டும் துளையை மெஷினே போட்டுவிடும், உயரம் குறைத்த பெட்டிகளுக்கு மட்டும் கையால் போட்டிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்றார். அதாவது ரெடிமேட் பாதி நன்றாக இருக்கிறது, எங்களுக்காகப் பிடித்துத் தைத்த கைதான் கோணல். சாக்குச் சொல்லாமல் அதை ஒத்துக்கொண்டதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று. பெட்டிகளை அப்படியே கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்து மாட்டியபோது யாரும் சொல்லாமலே சூப்பர்வைசர் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து மூடினார், அதற்குப் பிறகுதான் எழுந்தார். எப்படி என்று அண்ணியிடம் கேட்டார். என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள் என்று அண்ணி அண்ணனைக் காட்டினார். அண்ணன் ஒற்றை விரலால் இழுத்துப் பார்த்துத் தலையாட்டினார். போகிற போக்கில் சூப்பர்வைசர் நிறம் மாறிய மேல் கதவைக் கவனித்துவிட்டு, இதையும் மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். அண்ணி பரவாயில்லை என்றார்.

வாசல் வரை போனவர் நின்றுவிட்டார். "அம்மா, இது எந்தப் பரவாயில்லை?"

"இது நிஜப் பரவாயில்லைங்க" என்றார் அண்ணி. ஃபிட்டர்தான் முதலில் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வாசலிலேயே வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது, கருகாத வெங்காயம். உள்ளே அண்ணன் தாழ்ந்த மேடைமுன் உட்கார்ந்து தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார், கத்தி பழைய வேகத்தில் ஓடியது. அண்ணி அவர் பக்கத்தில் சும்மா நின்றார். நின்றது அழகாக இருந்தது என்றால் சிரிக்காதீர்கள், இத்தனை நாள் ஓடிக்கொண்டிருந்த ஒருவர் சும்மா நிற்பதைப் பார்க்க அப்படித்தான் இருந்தது. முட்டையைத் தக்காளியோடு கிளறி எங்கள் தட்டில் போட்டார் அண்ணன். நான் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு பிரமாதம் என்றேன். அவர் என்னைச் சட்டைசெய்யவில்லை. அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி மென்றார், விழுங்கினார். அந்தச் சொல் அவர் உதடு வரைக்கும் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"உப்பு பத்தல" என்றார்.

அண்ணன் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு" என்றார். திரும்பி, பக்கத்து இழுப்பறையின் பிடியில் ஒற்றை விரலை மாட்டி இழுத்தார். இழுப்பறை வந்தது. நாற்காலி நின்ற இடத்திலேயே நின்றது. உப்பை எடுத்து அண்ணியின் தட்டில் தூவினார்.